கப்பலுக்கு எத்தனை லிட்டர்

சின்னையன் வாங்கி வந்த பாய்மரப் படகின் அடிப்பாகத்துக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட் வேண்டும் என்று அவன் தோட்டத்தில் நாள்கணக்காகப் பேச்சு நடந்தது. பேசினவர்களில் ஒருத்தராவது படகுக்கு அடியில் குனிந்து பார்த்தார்களா என்றால் இல்லை. குனிந்தால் வேட்டியில் அழுக்குப் படும். நிழலில் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் குடித்துக்கொண்டு, அங்கிருந்தபடியே கணக்குப் போட்டார்கள். எனக்கு அந்த வீட்டில் சொந்தம் எதுவும் கிடையாது. ஊர்ப் பால் சங்கத்தில் பால் அளந்து வாங்குகிறவன் நான். சின்னையன் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவன், படித்தான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பெண்டாட்டி செல்லாத்தாள் காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் கொண்டு வருவாள். அவளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் அவர்கள் தென்னந்தோப்பு. தோப்புக்கு நடுவில் ஒரு பாறைக்குழி. சின்னையனின் அப்பா காலத்தில் கல் உடைத்து விற்ற இடம், இப்போது ஆழமான குளம். வாய்க்காலில் ஆழியாற்றுத் தண்ணீர் விட்டால் நிறையும். ஒரு பக்கம் லாரி இறங்கின சரிவு உண்டு. அந்தச் சரிவில் இறங்கித்தான் செல்லாத்தாளின் மாடுகள் தண்ணீர் குடிக்கும்.

இந்தக் குளத்துக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று கேட்டால் சித்தூரில் இருக்கும் சகலை தங்கதுரையைத்தான் கேட்க வேண்டும். தங்கதுரை தன் தோட்டத்தில் நாலு அறை கட்டி, நீச்சல் குளம் வெட்டி, டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட்டான். பெங்களூர்க்காரர்கள் வந்து குளித்துப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து சின்னையனுக்குச் சோறு இறங்கவில்லை. கொச்சிக்குப் போனான். யாரோ வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன முப்பதடிப் படகு ஒன்று கரையில் கிடந்தது. ட்ரெய்லரில் ஏற்றி, கரண்டுக் கம்பிகளை மூங்கிலால் தூக்கிப் பிடிக்க ஆள் வைத்து, பாலக்காடு வழியாகக் கொண்டு வந்து சேர்த்தான். குளம் இருக்கிற அகலத்துக்கு அந்தப் படகு பாய் விரித்தால் மூச்சு விடுவதற்குள் எதிர்ப்பாறையில் போய் முட்டும். ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று ஊருக்கே தெரியும். இவனுக்கு மட்டும் தெரியாது.

செல்லாத்தாள் கல்யாணமாகி வந்தபோது அவள் அப்பா ஒரு மயிலைப் பசுவை ஓட்டி வந்து கட்டிவிட்டுப் போனார். கட்டுத்தறியில் நிற்கிற எல்லாம் அதன் வழிவந்தவை. அந்தத் தோப்பில் அவள் பேரில் ஒரு தென்னை கிடையாது, ஒரு சென்ட் மண் கிடையாது. கட்டுத்தறி மட்டும்தான் அவளுடையது. பெரிய மயிலைக்கு வயதாகிவிட்டது, இனிக் கன்று போடாது. செவலை பால் கறக்கிறது, ஆனால் போன ஈற்றில் கருப்பை வெளியே தள்ளியதால் அதை மறுபடி சினைக்கு விட வேண்டாமென்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மிச்சம் இருந்தது தலைச்சன் சினையாக நின்ற கறுப்பு மாடு காரியும், செவலையின் கிடாரிக்கன்றும்தான். அப்பன் கொடுத்த பசுவின் வம்சம் இனி இந்த இரண்டில்தான் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் தீவன மூட்டை இறக்கப் போன அன்று பெயிண்ட் பேச்சு உச்சத்தில் இருந்தது. கடலில் கிடக்கிற படகின் அடியில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொள்ளும். அப்படி ஒட்டாமல் இருக்கத் தண்ணீருக்குள் இருக்கும் பாகம் முழுக்க ஒரு பெயிண்ட் அடிப்பார்கள். செம்பு கலந்த விஷம் அது. மெதுவாகக் கரைந்து, கிட்டே வருகிற உயிரைக் கொல்வதுதான் அதன் வேலை. படகை விற்ற தரகன் போகிற போக்கில், 'அடியில பெயிண்ட் அடிச்சுத்தான் எறக்கணும்' என்று சொல்லிவிட்டான். நம் பாறைக்குழியில் சிப்பி ஏது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. படகு என்றால் பெயிண்ட் உண்டு, பெயிண்ட் என்றால் எத்தனை லிட்டர், அவ்வளவுதான்.

முதலில் கணக்குச் சொன்னவன் பெயிண்டர் ராக்கப்பன். எங்கள் ஊரில் சின்னையன் தும்மினால் மூக்கைத் துடைக்கத் துண்டு நீட்டுகிற ஆள்.

"ஊட்டுக்குப் பாக்கறாப்பலதானுங்க மொதலாளி. நீளம் முப்பதடி, ஒசரம் ஒம்பதடி. ரெண்டு பக்கச் செவுரு ஆச்சுங்களா. அப்பறம் முன்செவுரு, பின்செவுரு. ரெண்டு கோட்டிங் அடிக்கோணும். புதுச் செவுரு பெயிண்டக் குடிக்குமுங்க. எப்படியும் ஒரு பக்கெட் வேணும், இருவது லிட்டரு."

"முன்செவுரு எங்கப்பா இருக்குது? அது கூரா முடியுதே," என்றேன் நான்.

"கூரா இருந்தாலும் செவுரு செவுருதானுங்க," என்றான் ராக்கப்பன்.

படகின் மேல்பாதி தண்ணீருக்கு வெளியேதானே நிற்கும், அதற்கு எதற்கு இந்தப் பெயிண்ட் என்று நான் கேட்டதற்குச் சின்னையன் திரும்பிப் பார்த்து, "நீ பாலளக்கறவன், உனக்குக் கப்பலப் பத்தி என்ன தெரியும்," என்றான். அவனுக்கு மட்டும் பரம்பரை பரம்பரையாகத் தெரியும் போலிருக்கிறது. பாறைக்குழியைத் தவிர அவன் வம்சத்தில் எவனும் முழங்கால் தண்ணீரில் இறங்கியதில்லை.

இரண்டாவது கணக்கு மாப்பிள்ளை பூபதிராஜாவுடையது. பொள்ளாச்சிக்காரன். இன்ஜினியரிங் படித்தவன் என்று கல்யாணத்தில் பேனர் வைத்தார்கள். எந்தப் பரீட்சை தேறினான் என்று பேனரில் போடவில்லை. வீட்டில் பெண்டாட்டி மௌனிகாவைத் தனியே விட்டுவிட்டு, இவன் மாமனார் தோப்பில் கப்பல் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தான். போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, நீளம், அகலம், ஆழம் என்று கேட்ட இடங்களில் தட்டினான்.

"மாமா, சயின்டிபிக்கா பாத்துட்டேங்க. தண்ணில படற நீளம் இருபத்தஞ்சு, அகலம் பத்து, தண்ணிக்குள்ள போற ஆழம் அஞ்சு. ரெண்டு கோட்டிங்குக்கு அம்பத்தாறு லிட்டர் வருதுங்க."

"அம்பத்தாறா?" ராக்கப்பன் வாயைப் பிளந்தான்.

"கம்ப்யூட்டர் சொல்லுது," என்றான் மாப்பிள்ளை.

நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கேட்டது மீட்டர். இவன் தட்டியது அடி. முப்பதடிப் படகு இவன் போனுக்குள் போய் நூறடிக் கப்பலாக வளர்ந்திருந்தது. சொன்னேன். "ரெண்டும் அளவுதானுங்களே," என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். இவன் படித்த கல்லூரியை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

சின்னையனுக்கு அந்த ஐம்பத்தாறு பிடித்துப்போய்விட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தங்கதுரையின் நீச்சல் குளத்துக்கு மொத்தமே நாலு டப்பா நீலம்தான் ஆயிற்றாம். "எதுக்கும் கடைக்காரனக் கேட்டுரலாம்," என்று கொச்சிக் கடைக்குப் போன் போட்டான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தான். அந்தப் பக்கம் சிஜு என்று ஒரு பையன். அளவுகளைக் கேட்டுக்கொண்டு, எதையோ மென்றுகொண்டே பேசினான். அவனுக்குத் தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும்.

"சேட்டா, அகலமும் ஆழமும் கூட்டணும். பதினஞ்சு. அதை நீளம் இருபத்தஞ்சால பெருக்கி, அதில முக்கால் எடுக்கணும். இருநூத்தி எம்பது சதுர அடி. ஒரு லிட்டர் நூறடி ஓடும். ரெண்டு கோட்டுக்கு ஆறு லிட்டர் மதி, போதும். அதிலயே மிச்சம் வரும்."

"ஆறா?" சின்னையன் குரல் இறங்கிவிட்டது.

"ஆறு மதி சேட்டா. எந்தக் கடலில இறக்குறீங்க?"

"கடல் இல்ல. எங்க தோட்டத்துக் கொளம்."

மெல்லுகிற சத்தம் நின்றது. "நல்ல தண்ணியா? அப்ப எதுக்கு இது? சிப்பி கடலிலதானே ஒட்டும். மீன் இருக்கிற குளத்தில இது வேண்டாம் சேட்டா."

அப்போதுதான் செல்லாத்தாள் கட்டுத்தறியிலிருந்து சாணிக் கையோடு வந்து நின்றாள். போனைப் பார்த்துக் கேட்டாள். "ஏந் தம்பி, அந்தத் தண்ணிய மாடு குடிச்சா?"

"குடிக்கக் கூடாது சேச்சி. விஷமல்லே. அடிக்கிற ஆளே கையுறை போடணும்."

சின்னையன் போனை வைத்துவிட்டான். ஒருத்தன் விவரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் வைக்கிற பழக்கம் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.

அவனுக்குக் கோபம் விஷம் என்றதில் இல்லை. ஆறு என்றதில்தான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குச் சமையல் சொன்னால் ஐந்நூறு பேருக்கு எழுநூறு இலைக்குச் சொல்லுவார்கள். கடைசிப் பந்தியில் பத்தாமல் போனால் ஏழு வருஷம் பேசுவார்கள். மீந்துபோனால் அது கௌரவம், அண்டா அண்டாவாக அக்கம்பக்கம் கொடுத்துவிடலாம். சின்னையனுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே கணக்கு இந்தப் பந்திக் கணக்குதான். வாங்க வந்தவனிடம் கடைக்காரன் 'குறைச்சு வாங்கு' என்று சொன்னால் அதற்கு அவன் மனசில் ஒரே அர்த்தம்தான் உண்டு.

"என்னப் பாத்தா ஆறு லிட்டர்க்காரனாட்டவா தெரியுது அவனுக்கு?" என்றான். "நடுவுல நின்னுபோயிருச்சுன்னா பாதிக் கப்பல் மொட்டையாவல்ல நிக்கும்? தங்கதுரை வந்து பாத்துச் சிரிக்கோணுமா? ராக்கப்பன் சொன்னதுதான் செரி. இருவது."

"அதுக்குக் கொறையப்படாதுங்க," என்றான் ராக்கப்பன்.

செல்லாத்தாள் கையைக்கூடக் கழுவாமல் அங்கேயே நின்றாள்.

"ஏனுங்க, எத்தன லிட்டரோ வாங்கிக்குங்க. கப்பலோ வெமானமோ என்னமோ உட்டுக்குங்க. ஆனா அந்தக் கொளத்துத் தண்ணியத்தான் என்ற மாடு குடிக்குது. அந்தப் பையன் வெசம்னு சொல்லிப்போட்டான். காரி செனையா நிக்குது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

"கடல் தண்ணிலதான் புள்ள அது வேல செய்யும். இது நல்ல தண்ணி."

"அவன் அப்படிச் சொல்லலீங்க. சிப்பி கடல்லதான் ஒட்டும்னு சொன்னான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணில்லீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "போர்த்தண்ணி உழுகற எடத்துல மாட்டுக்குத் தனியாத் தொட்டி கட்டிக் குடுங்க. அது காஞ்சு தண்ணி ரொம்பற வரைக்கும் கப்பலுக்கு ஒரு துளி பெயிண்ட் படப்படாது."

நியாயமான பேச்சு. எனக்கே ஆச்சரியமாக, சின்னையன் ஒத்துக்கொண்டான். மாப்பிள்ளை முன்னால் பெண்டாட்டியோடு வாக்குவாதம் செய்ய வெட்கப்பட்டிருப்பான். கொத்தனார் வந்து போர் பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு நீளத்தொட்டி கட்டினார். செல்லாத்தாள் தினமும் அதற்குத் தண்ணீர் தெளித்துக் காயவைத்தாள், கழுவினாள், முதல் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டாள். பிறகு நான்கு மாட்டையும் ஓட்டி வந்து தொட்டியைக் காட்டினாள். கன்றுக்குட்டிக்கு எட்டவில்லை. ஒரு பக்கம் கல் அடுக்கி மேடு போட்டுக் கொடுத்தாள். "இனி எனக்கு வெசனமில்லீங்ணா," என்று சங்கத்தில் என்னிடம் சொன்னாள். அன்றைக்குப் பாலும் நன்றாக இருந்தது.

அதற்கு அடுத்து பொள்ளாச்சியிலிருந்து போன் வந்தது. மௌனிகாவுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். புருஷன்காரன் மாமனார் வீட்டில் கப்பலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருக்கிறானே, கிளம்புவான் என்று நினைத்தால், "அத்தை, நீங்க போனாத்தான் அவளுக்குத் தெம்பா இருக்குமுங்க," என்றான். செல்லாத்தாள் பாலைக் கறக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டு, சந்தகைக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். போகும்போது சின்னையனிடம் சொன்னதை நான் கேட்டேன். "மாட்டக் கொளத்துக்கு உட்டுறாதீங்க. தொட்டித் தண்ணி மட்டுந்தான்." அவன் தலையை ஆட்டினான். சொன்ன சொல்லை அவன் மீறவும் இல்லை. மாடுகள் குளத்துப் பக்கம் போகவே இல்லை.

பெயிண்ட் வந்தது, இருபது லிட்டர், ரத்தம் கெட்டிப்பட்ட நிறம். ராக்கப்பன் வேலை ஆரம்பித்தான். கையுறை போடவில்லை. அவன் ஜாதகத்தில் அது இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் பாகத்துக்கு ஒரு கோட்டிங், இரண்டாவது கோட்டிங் என்று அடித்து முடித்துப் பார்த்தால் டப்பாக்கள் பாதிக்கு மேல் அப்படியே இருக்கின்றன. கொச்சிப் பையன் மென்றுகொண்டே சொன்ன ஆறு லிட்டர் கூடச் சரியாக ஆகவில்லை. மூன்று பேரும் டப்பாக்களைச் சுற்றி நின்றார்கள். தப்பு எங்கே என்று யோசித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யோசித்தது மிச்சத்தை எதற்கு அடிக்கலாம் என்றுதான்.

தோட்டத்து வீடுகளில் எதையும் வீணாக்க மாட்டார்கள். வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பு மீந்தால் தென்னைக்கு அடிப்பார்கள். மாட்டு வண்டிக்கு அடித்தது மீந்தால் கதவுக்கு அடிப்பார்கள். இது நல்ல பழக்கம்தான், அடிக்கிறவனுக்கு அறிவு இருந்தால். முதலில் வெளிக் கேட்டுக்கு அடித்தார்கள். மோட்டார் ரூம் கதவுக்கு அடித்தார்கள். இன்னும் மீந்தது. இந்த இடத்தில்தான் சின்னையனுக்குத் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பெண்டாட்டிக்கு ஒரு உதவி செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"தொட்டிக்குள்ளாற அடிச்சுப்போடு," என்றான் ராக்கப்பனிடம். "வாரத்துக்கொருக்கா உள்ள எறங்கிப் பாசியத் தேய்க்கோணும்னா அவளுக்கு இடுப்பு வலி வந்துரும். பாசியே புடிக்காத பெயிண்ட்டு கையில இருக்கையில எதுக்குத் தேய்க்கோணும்?"

"அதானுங்க மொதலாளி," என்றான் ராக்கப்பன்.

"விஷம்னு அந்த சிஜு சொன்னானுங்களே மாமா," என்றானாம் பூபதிராஜா. அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான வார்த்தை.

"அது கப்பல்ல இருந்தா வெசம். காஞ்சு செவுத்துல ஒட்டிக்கிச்சுன்னா அப்பறம் என்ன வெசம்? கடல்ல கெடக்கற கப்பல நக்கி மீனெல்லாம் சாகுதா?"

இன்ஜினியர் மாப்பிள்ளை அதற்கும் தலையாட்டினானாம். தொட்டியின் உட்சுவருக்கும் அடிக்கும் இரண்டு கோட்டிங், மிச்சம் இருந்ததால் மூன்றாவது. காய்ந்தது. போர்த்தண்ணீர் விட்டார்கள். மாடுகளை அவிழ்த்து விட்டார்கள். கன்றுக்குட்டிகளுக்கு எதையும் நக்கிப் பார்க்கிற குணம் உண்டு, சுவரை, கயிற்றை, உப்புக் கல்லை. செவலையின் கன்று கல் மேட்டில் ஏறி நின்று தண்ணீர் விளிம்பில் சுவரை நக்கிக்கொண்டே இருந்ததைப் பால் கறக்க வந்த பெண் பார்த்திருக்கிறாள். சின்னையனிடம் சொல்லவும் சொல்லியிருக்கிறாள். "புதுசில்லியா, அதான்," என்றானாம்.

சங்கத்துக்கு வந்த செவலையின் பால் நாளுக்கு நாள் குறைந்தது. கொண்டு வந்த பெண்ணிடம் கேட்டேன், மாடு சரியாகத் தின்பதில்லை என்றாள். செல்லாத்தாளுக்குப் போன் செய்தேன். மௌனிகாவுக்குக் காய்ச்சல் விட்டு பிளேட்லெட்டும் ஏறியிருந்தது. அன்று மத்தியானமே பஸ் ஏறி வந்துவிட்டாள். நானும் கூடப் போனேன். அவள் வீட்டுக்குள் நுழையவில்லை, நேராகக் கட்டுத்தறிக்குப் போனாள்.

கன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாயில் நுரை. பின்பக்கம் பச்சையும் நீலமுமாகக் கழிந்திருந்தது. காரி நின்றபடியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பெரிய மயிலை வாலைக்கூட அசைக்கவில்லை. செல்லாத்தாள் கன்றின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள், மஞ்சள். எழுந்து சுற்றும் பார்த்தாள். போர்ப் பக்கம் நடந்து போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். உட்சுவர் முழுக்கச் சிவப்பு.

"இத யாரு அடிச்சா?"

சின்னையன் வீட்டு வாசலில் நின்றான். "உனக்காகத்தான் புள்ள. பாசி புடிக்காது."

"எனக்காக," என்றாள் செல்லாத்தாள். அவ்வளவுதான் சொன்னாள். மண்வெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்துத் தொட்டியின் அடியில் குத்தினாள். கொத்தனார் நன்றாகக் கட்டியிருந்தார். பல குத்துக்குப் பிறகுதான் உடைந்தது. தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஓடியது. நான் போய் கடப்பாரையை வாங்கி மிச்சத்தை உடைத்தேன். சின்னையன் அசையவில்லை. மாப்பிள்ளை எங்கேயோ போன் பேசப் போயிருந்தான்.

மிருகாசுபத்திரியிலிருந்து டாக்டர் சுஷ்மா வந்தாள். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரி. உடைந்த சிமெண்டுத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி மேலே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"இதை மாடு குடிக்கற தொட்டிக்குள்ள அடிச்சிருக்கேளா? செம்பு இது. படிச்சுப் பாக்கலையா யாரும்?"

ராக்கப்பன் தரையைப் பார்த்தான். டாக்டரம்மா ஊசி போட்டாள், மருந்து கரைத்து ஊற்றச் சொன்னாள், தான் இருந்து ஒரு தடவை ஊற்றியும் காட்டினாள். "பெரிய பசு ரெண்டும் பிழைச்சுக்கும். செவலை பாலை இப்போதைக்கு யாரும் குடிக்கப்படாது, கறந்து மண்ணில ஊத்துங்கோ. கன்னுக்கும் சினைக்கும் என்னால உறுதி சொல்ல முடியாது, மாமி," என்றாள். செல்லாத்தாள் தலையை ஆட்டினாள். இருமுறை கேட்கவில்லை.

கன்று அன்று பொழுது சாய்கையில் போயிற்று. காரி இரண்டு நாள் இழுத்தது. காப்பி நிறத்தில் மூத்திரம் போயிற்று. கடைசியில் செத்த கன்றைப் போட்டுவிட்டுத்தான் விழுந்தது. உரு முழுசாக ஆகியிருந்த குட்டி, அதுவும் கிடாரி. செல்லாத்தாள் தன் சேலை ஒன்றைக் கிழித்து அதைச் சுற்றினாள். முதல் கன்றைப் புதைத்திருந்த தோப்பு மூலையில் இரண்டையும் ஒரே குழியில் போட்டோம். மண் தள்ளினது நானும் அவளும் பால் கறக்க வந்த பெண்ணும். செல்லாத்தாள் அழுதாள், சத்தமாகவே அழுதாள். சின்னையன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவன் சொன்னதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நாளக்கழிச்சு முகூர்த்தம். கிரேன் சொல்லியாச்சு. எல்லாத்துக்கும் சொல்லியாச்சு."

"தள்ளிப் போடுங்க," என்றாள் செல்லாத்தாள்.

"மாடு செத்ததுக்கு யாரு புள்ள முகூர்த்தத்த மாத்துவா? தங்கதுரை குடும்பத்தோட வர்றான். வேணும்னா உனக்கு ரெண்டு சிந்து மாடு வாங்கித் தர்றேன். இதவிட அதிகமாக் கறக்கும்."

அவள் மண்வெட்டியைக் கழுவி வைத்தாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஊரே வந்திருந்தது. தங்கதுரை காரில் பெண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினான். மாப்பிள்ளை கூலிங்கிளாஸ் போட்டிருந்தான். கிரேன் பட்டைகளில் படகு தொங்கிக்கொண்டிருந்தது, மேலே வெள்ளை, கீழே அந்தக் கெட்டிச் சிவப்பு. தேங்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். சின்னையன் மைக்கில் பேசினான். கொச்சிக்கு அடுத்து இங்கேதான் என்று ஏதோ சொன்னான். எதற்கு அடுத்து எது என்று எனக்குப் புரியவில்லை, அவனுக்குப் புரிந்திருக்கும் என்றும் தோன்றவில்லை. பேசி முடித்து, "எல்லாரும் காப்பி சாப்புட்டுட்டு வாங்க, அப்பறம் எறக்கலாம்," என்றான். விருந்தாளிகளுக்கென்று முதல்நாளே பாக்கெட் பால் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து அடுக்களையில் அடுக்கியிருந்தான்.

செல்லாத்தாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குளித்துத் தலை முடிந்து நல்ல சேலை கட்டியிருந்தாள். முதல் டம்ளரைத் தங்கதுரை கையில் கொடுத்தாள். அவன் வாய்க்குக் கொண்டு போனவன் அப்படியே நின்றான். கறுப்பாக இருந்தது. வரக்காப்பி.

எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு எந்த வீட்டிலும் பால் ஊற்றாமல் காப்பி கொடுக்க மாட்டார்கள். பால் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கியாவது ஊற்றுவார்கள். வரக்காப்பி கொடுப்பது ஒரே ஒரு வீட்டில்தான், பிணம் எடுத்த வீட்டில். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். செல்லாத்தாள் ஒவ்வொரு ஆளிடமும் போய் ஒவ்வொரு டம்ளராகக் கொடுத்தாள். அடுக்களை ஜன்னல் வழியே பால் பெட்டிகள் பிரிக்காமல் இருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. பேச்சு நின்றுபோயிற்று. தங்கதுரையின் பெண்டாட்டி, செல்லாத்தாளின் தங்கைதான், மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஊட்டுல என்னக்கா?"

"எழவு சாமி," என்றாள் செல்லாத்தாள். "மூணு எழவு. தொட்டில வெசம் வெச்சு. நீங்க குடிங்க."

சின்னையன் சிரிக்கப் பார்த்தான். "மாடுங்க. ரெண்டு மாடு. அதப் போயி இவ..." அவன் பக்கம் யாரும் திரும்பவில்லை. கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போவது மரியாதை இல்லை, எல்லாரும் குடித்தார்கள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள். துக்க வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. ஒருத்தரும் சொல்லவில்லை. தங்கதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சகலை முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். சின்னையன் ஒவ்வொருத்தர் பின்னாலும் போய், "இருங்க, எறக்கறத பாத்துட்டுப் போங்க," என்றான். தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். பூபதிராஜாவும் எப்போது போனான் என்று தெரியவில்லை. கிரேன் ஓட்டுகிறவன் மட்டும் மேலே உட்கார்ந்து, "சேட்டா, எறக்கட்டா வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

செல்லாத்தாள் டம்ளர்களை எல்லாம் எண்ணாமல் அள்ளிக் கழுவும் இடத்தில் போட்டாள். கட்டுத்தறிக்குப் போய்ப் பெரிய மயிலையையும் செவலையையும் அவிழ்த்தாள். வேலந்தாவளத்தில் அவள் அண்ணன் தோட்டம் இருக்கிறது, நடந்தால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். இரண்டு கயிற்றையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, செம்பெயிண்ட் அடித்த கேட்டைத் தள்ளித் திறந்தாள்.

"எங்க புள்ள போற?" சின்னையன் ஓடி வந்தான். "ஏ, செல்லாத்தா. எப்ப வருவே? சொல்லிப்போட்டாவது போ."

அவள் மாடுகளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தாள். அவனிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.